வாக்குத்தத்த அட்டையும் கடன் அட்டையும்: படுவான்கரைத் தாய் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வாழும் ஒரு மெதடிஸ்த குடும்பத்துத் தாயைப் பற்றியது இந்த ஆய்வு. நாற்பதை எட்டாத வயது. கணவர் மேசன். பிள்ளைகள் மூவர். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் தெரிந்துவிடாதபடி குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உளவளத்துணைப் பயிற்சி பெற்று, சபையின் வீட்டுச் சந்திப்பு ஊழியத்தில் இருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் போல அவருக்கும் நான் 'ரீச்சர்'தான்.

விசுவாசம் இருந்தால் கெட்ட எண்ணங்கள் ஓடிப்போகும் என்று சபைகளில் அடிக்கடி சொல்கிறோம். இந்தத் தாயிடம் விசுவாசம் குறைவாக இருக்கவில்லை. கிழமையில் மூன்று நாள் உபவாசம், விடியப்புறம் மூன்று மணிக்கே முழங்காலில் நிற்பார். ஆனால் அவரை வதைத்த எண்ணம் ஒரு வேத வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தது. அதனால் ஜெபிக்க ஜெபிக்க அது பெலத்தது. இப்படி வாடுகிறவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடன் வந்த வழி

முதல் கடன் 2019-இல். மா அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை. நுண்கடன் நிறுவனம் ஒன்று 50,000 ரூபா கொடுத்தது. காணி உறுதியோ நகையோ கேட்கவில்லை. அயலிலுள்ள பெண்கள் ஐந்து பேர் குழுவாகி, ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்கு ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தர் காசை எண்ணி வாங்கி, அட்டையில் பதிந்துவிட்டுப் போவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் போட்டுக் கட்ட வேண்டும். முழுக்காசும் சேரும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

கையில் ஒன்றுமில்லாத பெண்ணுக்கும் கடன் கிடைக்க இந்த முறை வழி செய்தது உண்மைதான். ஆனால் இது அயலுறவையே பிணையாக வாங்கிக்கொள்கிறது. வங்கிக் கடன் பிந்தினால் கடிதம் வரும். இங்கே பிந்தினால் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்புவாள். மன வேதனையைப் பற்றிய ஆய்வில் கடன் முறையைப் பற்றி ஏன் இவ்வளவு கதை என்று கேட்கலாம். இந்தத் தாயின் மனதில் இரவுபகலாக ஓடிய வார்த்தைகளில் பாதி, அந்த முற்றத்தில் அவர் காதால் கேட்டவை.

அடுத்த வருடம் கொரோனா வந்து கடைகள் பூட்டப்பட்டன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார். 2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் படுத்தது. படுவான்கரையில் வயல் படுத்தால் வீடு கட்ட எவரும் முன்வரமாட்டார்கள்; மேசனுக்கு வேலை இல்லை. 2022-இல் ரூபா விழுந்து சீமெந்து விலை எகிறியபோது கணவர் மாதக்கணக்கில் சும்மா இருந்தார். அந்த வருடக் கடைசியில் நிறுவனக் கடன் இரண்டு, அடகில் தோடும் சங்கிலியும், அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்த சீட்டுக் காசு என்று சேர்ந்துவிட்டது. கிழமைக்குக் கட்ட வேண்டியது 4,800 ரூபா. சில கிழமை 3,000 கூடக் கைக்கு வராது. சீட்டுக் காசு விஷயம் கணவருக்கே தெரியாது.

அட்டையில் வந்த வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிவில் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம். 2023-க்கு அவர் கையில் வந்தது உபாகமம் 28-ஆம் அதிகாரத்து 12-ஆம் வசனத்தின் கடைசிப் பகுதி: 'நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன்வாங்காதிருப்பாய்.'

முதலில் சந்தோஷம். சுவரில் மணிக்கூட்டுக்குக் கீழே அட்டையை ஒட்டி வைத்தார். ஜனவரியில் தொடர்ந்து மூன்று கிழமை கட்ட முடியவில்லை. குழுப் பெண்கள் அவருடைய பங்கையும் சேர்த்துக் கட்டினார்கள். ஜெபக் குழுவில் இதைச் சொல்லி அழுதபோது ஒரு சகோதரி, நல்லெண்ணத்தோடுதான், அதே அதிகாரத்தின் பிற்பகுதியைத் திறந்து காட்டினார். கீழ்ப்படியாதவர்களுக்கு வரும் சாபங்களின் வரிசையில் 'நீ கடன்படுவாய்' என்பதும் இருக்கிறது. வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் தேடினார். களைத்துப்போன மனம் தேடினால் எதுவும் அகப்படும். தாயின் சொல் கேளாமல் செய்த கல்யாணம், சில மாதம் கொடுக்காமல் விட்ட தசமபாகம், பல வருடங்களுக்கு முன் கலைந்துபோன ஒரு கர்ப்பம், மாமியாரோடு கதைத்த கடும் வார்த்தை. ஒவ்வொரு இரவும் ஒன்றை எடுத்து, இதுதான் காரணம் என்று அறிக்கையிட்டு அழுவார். மறுநாள் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், இது இல்லை, வேறொன்று இருக்கிறது என்று திரும்பத் தொடங்குவார்.

என்னிடம் வந்தது அவரல்ல, அவருடைய மூத்த மகள். ஞாயிறு பாடசாலைக்கு வருகிற பிள்ளை. "ரீச்சர், அம்மா பரமண்டல ஜெபத்தை முழுசாச் சொல்றல்ல" என்றாள். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற இடம் வந்ததும் தாய் வாயை மூடிக்கொள்கிறார் என்பதை அந்தப் பிள்ளை பல ஞாயிறுகளாகக் கவனித்திருக்கிறது.

போய்ப் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார். உடுப்பு துவைக்காமல் குவிந்து கிடந்தது. இரவு ஒரு மணிக்குத் தூங்கி மூன்று மணிக்கு விழிப்பு. பிரசங்கத்தில் ஒரு வசனத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. முன்பு ஊர் முழுக்கக் கேட்கப் பாடியவர், பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. வீதியில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கதைத்தபின் மெல்லிய குரலில் சொன்னார்: "நான் இரிக்கிறதாலதான் ரீச்சர் இந்த வீட்டுக்குச் சாபம். நான் இல்லாட்டி புள்ளையள் தப்பிரும்."

முதலில் உயிர்

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. "மகள், செத்திரலாம் எண்ட நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, சுமந்துகொண்டிருப்பவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது. அவர் ஓம் என்றார். வயலுக்கு அடிக்கும் மருந்து கொட்டிலில் இருக்கிறது என்பதையும் சொன்னார்.

அன்றைக்கே கணவரை அழைத்து, அவருடைய தம்பி மூலம் அந்த மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் வேறு ஊருக்கு அனுப்பினோம். இதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995-இல் இலங்கையில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, வருடங்கள் போகப் போக அது பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் அந்தப் பொல்லாத மணித்தியாலம் பல பேருக்குக் கடந்துபோய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் சொன்னால் பொலிஸ் வரும் என்ற பயம் கணவருக்கு இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998-லேயே நீக்கப்பட்டுவிட்டது என்று விளக்கினேன். இரவில் நிலைமை மோசமானால் எந்த நேரமும் எடுக்கக்கூடிய தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை மகளின் கொப்பியிலும் கணவரின் ஃபோனிலும் எழுதி வைத்தோம்.

அந்தக் கிழமையிலேயே மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் பொறுமையாகக் கேட்டு, இது மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை தந்து, முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமையோ அதற்கு மேலோ ஆகலாம், இடையில் நிறுத்தக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று ஜெபக் குழுவில் பேச்சு வந்தது. பவுல் தன்னோடு ஊழியத்தில் கூட வைத்திருந்த லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்றுதான் எழுதுகிறார். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கிற நாம் மனதின் நோய்க்கு மட்டும் ஏன் வேறு சட்டம் வைக்கிறோம் என்று போதகரே கூட்டத்தில் கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. என் கணிப்பைச் சொல்வதானால், மாத்திரை அவருக்குத் தூக்கத்தையும், எண்ணங்களோடு மல்லுக்கட்டத் தேவையான தெம்பையும் கொடுத்தது. 'கடவுள் என்னைச் சபித்துவிட்டாரா' என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் தேடுவது சபையின் வேலை.

சாப்பாடு, தூக்கம், முறையீடு

போதகரும் நானும் முதலில் சொன்னது உபவாசத்தை நிறுத்தச் சொல்லி. அவர் அதிர்ந்துபோனார். எலியாவின் கதையை வாசித்தோம். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி அவர். அந்த மனிதனுக்குக் கடவுள் புத்திமதி சொல்லவில்லை, பாவத்தைத் தேடச் சொல்லவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பின்தான். "அவருக்கும் இப்படித்தானா ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டார்.

விடியப்புற ஜெபத்தையும் நிறுத்தினோம். அந்த நேரத்தில் அவர் செய்துகொண்டிருந்தது ஜெபமே அல்ல என்பது என் எண்ணம். ஒரே குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்காலில் நின்றதால் அதற்கு ஜெபம் என்று பெயர் வந்தது. 'அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்' என்ற 127-ஆம் சங்கீதத்து வரியைப் படுக்கும்போது ஒருதரம் சொல்லிவிட்டு விளக்கை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். முழிப்பு வந்தால் எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுக்க வேண்டும்.

அவர் மனதில் ஊறிப்போன இன்னொன்று, கடவுளிடம் குறை சொல்வது முறுமுறுப்பு, அது பாவம் என்பது. அதனால் வேதனை எல்லாம் அவர் பக்கமே திரும்பிக் குத்தியது. 88-ஆம் சங்கீதத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன். மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு துதி வரும். இதில் வராது. தெரிந்தவர்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரும் கிழித்து எறியாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்று அவர் வியந்தார். பிறகு ஒருநாள் நான் ஜெபிக்கத் தொடங்குவதற்கு முன்னால் அவரே வாய் திறந்து, "ஆண்டவரே, அந்த முற்றத்தில நான் தலைகுனிஞ்சு நிக்கக்குள்ள நீர் எங்க போனீர்?" என்று கேட்டு, நெடுநேரம் அழுதார். என் பார்வையில் அவருடைய சுகம் தொடங்கியது அங்கேதான். பல மாதமாகத் தன்னை மட்டுமே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தவர், அன்று கடவுளோடு கதைத்தார்.

கொப்பி

இரண்டு மூன்று கிழமையில் தூக்கம் கொஞ்சம் திரும்பியது. அப்புறம் ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கத்தில், அன்றைக்கு மனதில் வந்த எண்ணத்தை வந்த வார்த்தையிலேயே எழுத வேண்டும். வலப்பக்கத்தில் அதற்குப் பதில். பதிலில் ஒரு வசனமும், கண்ணால் கண்ட ஒரு சங்கதியும் இருக்க வேண்டும்.

இந்த வேலை புதிதல்ல. நாலாம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனதில் வரும் கெட்ட எண்ணங்களை 8 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துச் சொல்ல வேத வசனங்களைத் தொகுத்து வைத்தார். கிட்டத்தட்ட 500 பதில்கள் அதில் இருக்கின்றன. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வில் தானாக எழும்பும் எண்ணங்களைப் பிடித்து, அவற்றுக்குச் சான்று உண்டா என்று நோயாளியையே சோதிக்க வைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கொப்பியை வகுத்தேன். வெறும் வசனம் என்றால், எதிர்ப்பக்கத்தில் நிற்பதும் வசனம்தானே. வசனத்துக்கு வசனம் என்று இழுபறி முடியாது. வெறும் சான்று என்றால், விசுவாசியான அவருக்கு அது ஆழத்தில் போய்ச் சேராது.

முதல் நாள் இடப்பக்கத்தில் எழுதியது: 'நான் கடன்காரி. கர்த்தர் என்னைத் தள்ளிவிட்டார்.' வலப்பக்கம் பல நாள் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் உபாகமம் 28-ஐ அட்டையில் கிடந்த ஒரு வரியாக இல்லாமல் முழு அதிகாரமாக வாசித்தோம். கானானுக்குள் நுழையப்போகும் ஒரு முழு ஜாதியிடம் மோசே பேசுகிறார். கிழமைக் கடன் கட்ட வழியில்லாத ஒரு தாயைப் பார்த்துச் சொன்ன வார்த்தையாக அதை எடுக்கவே முடியாது. அடுத்து கலாத்தியர் 3-ஆம் அதிகாரம்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, அந்தச் சாபத்திலிருந்து நம்மை மீட்டுக்கொண்டார். பிறகு நெகேமியா 5. பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டிய நிலைக்கு வந்த ஜனங்கள் அங்கே கூக்குரலிடுகிறார்கள். நெகேமியாவின் கோபம் வட்டி வாங்கியவர்கள்மேல் மூளுகிறது. கடன்பட்டவர்களிடம் உங்கள் பாவம் என்ன என்று அவர் விசாரிக்கவில்லை. இதை வாசித்தபோது அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தைத் திருப்பித் திரும்பவும் படித்தார்.

'யார் செய்த பாவம்' என்ற கேள்வி எங்கள் கரைக்குப் பழையது. 2004 கடல்கோளுக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் அதைக் கேட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, குழந்தைகளும் பெரியவர்களுமாக மாண்டபோதும் கேட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்ற எல்லோரிலும் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று அவரே பதில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் துக்க வீட்டு வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு மனம் வரக்கூடாது.

கடைசியில் வலப்பக்கத்தில் அவர் எழுதியது 1 யோவான் 3:20. 'நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.' அதன் கீழே, கண்ணால் கண்ட சங்கதியாக: 'உரத் தடை வந்த வருசம் எங்கட ஊரில முக்கால்வாசிப் பேர் கடன்பட்டது.'

இடியப்பத் தட்டு

தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவனுடைய மனைவி எலிசாவிடம் வந்து முறையிடும் கதை 2 இராஜாக்கள் 4-இல் இருக்கிறது. கணவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், செத்துவிட்டான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துப்போக வந்து நிற்கிறான். கடவுளுக்குப் பயந்தவன் வீட்டிலும் கடன் இருந்தது என்பதை அவர் கொப்பியில் உடனே எழுதிக்கொண்டார். எலிசா கேட்பது: 'வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?'

அதே கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். "உரல் இரிக்கி. தட்டு பத்துப் பதினைஞ்சு கிடக்கும். மிச்சத்த வித்துப்போட்டன்" என்றார். பிறகு கதையைத் தொடர்ந்து வாசித்தவர், 'அயல்வீட்டுக்காரர் எல்லாரிடத்திலும்' போய் வெறும்பாத்திரம் கேட்டு வாங்கு என்ற இடத்தில் நின்றுவிட்டார். "இது ஏலாது ரீச்சர்."

ஏன் ஏலாது என்று எனக்கும் தெரியும். அந்த அயல்வீட்டுக்காரர்தான் குழுப் பெண்கள். பல மாதமாக அவர்களுடைய வேலிப் பக்கமே அவர் போகவில்லை, கிணற்றடிக்கும் அவர்கள் போன பிறகுதான் போவார். நான் வற்புறுத்தவில்லை. என்ன நடக்கும் என்று நினைக்கிறாரோ அதை இடப்பக்கத்தில் எழுதச் சொன்னேன். 'நாலு பேரும் கதவைச் சாத்துவாங்க. பிள்ளைக்கு முன்னால ஏசுவாங்க' என்று எழுதினார். ஒரு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் வீட்டில் நாய் குரைத்தது, ஆள் வெளியே வரவில்லை. இரண்டாவது வீட்டுக்காரி திண்ணையில் நிறுத்தி வைத்து, தான் போட்டுக் கட்டிய 3,900 ரூபாவைப் பற்றி அரை மணித்தியாலம் ஏசினார். ஏசி முடித்துவிட்டு உள்ளே போய், பழைய சாரத் துண்டில் கட்டிய தட்டுகளைக் கொண்டுவந்து கையில் வைத்தார். மூன்றாவது வீட்டில், தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏன்கா இப்பிடி மெலிஞ்சு போனாய்? சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். நான்காவது பெண் குவைத்துக்குப் போய்விட்டார் என்பது அன்றுதான் தெரியவந்தது. தன்னைப் போலவே அவரும் கட்ட வழியில்லாமல்தான் போயிருக்கிறார். அன்று இரவு வலப்பக்கத்தில்: 'ஒராள் மட்டும். மற்ற ரெண்டு பேரும் தந்தாங்க. ஏசினது சரி, அவட காசு தானே.'

அந்தத் தட்டுகளோடு அடுத்த கிழமை காலையில் இரண்டு கடைகளுக்கு இடியப்பம் போனது. முதலில் கைக்கு வந்த 500 ரூபாவை இரண்டாவது வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பரமண்டல ஜெபத்தில் வாய் மூடுவதும் அந்த மாதத்துக்குள் நின்றுவிட்டது என்று மகள் சொன்னாள்.

கடன் தாள்

மனம் தெளிந்தால் கடன் தானாகத் தீராது. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதிப் போட்டோம். யாருக்கு, எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது முடியும் என்று. சீட்டுக் காசு விஷயத்தைக் கணவருக்குச் சொல்ல வேண்டி வந்தது. போதகர் கூட இருந்தார். கணவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குச் சாடையாத் தெரியும். நீ சொல்லுவாயெண்டு இரிந்தன்" என்றார். அடுத்த கிழமை கல்முனையில் ஒரு கொந்துராத்துக்காரரிடம் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒரு நிறுவனம் கிழமைக் கட்டை மாதக் கட்டாக மாற்றச் சம்மதித்தது. மற்றது மறுத்துவிட்டது.

1814-இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கியதிலிருந்து எங்கள் சபையின் வரலாற்றைப் பாடசாலைகளை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கும் முன்பு, 1746-இல், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் ஏழைகளுக்கென்று ஒரு சிறு கடன் நிதி தொடங்கினார். சின்னத் தொகை, மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வழியில் எங்கள் பெண்கள் ஐக்கியமும் அவருக்கு வட்டியில்லாமல் 25,000 ரூபா கொடுத்தது. அதில் சீட்டு அடைபட்டது. சபை செய்தவற்றில் அவருடைய இருண்ட எண்ணத்துக்கு மிகவும் பலமான பதில் எது என்று கேட்டால், இதையும் நான் சொல்லுவேன். தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நம்பிய இடத்திலிருந்து காசும் நம்பிக்கையும் சேர்ந்து வந்தது.

மாரி

அந்த வருட மாரியில் எண்ணங்கள் திரும்பி வந்தன. வெள்ளம் வீதியை மூட, கடைகளுக்கு இடியப்பம் கொண்டுபோக வழியில்லை. கடன் கட்டு ஒன்று பிந்தியது. அதே வார்த்தைகள்: 'பார், சாபம் போகல்ல.' மூன்று இரவு தூக்கம் இல்லை. மாத்திரையைத் தானாகவே குறைத்திருந்ததும் பிறகு தெரிந்தது. கிளினிக்கில் பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்தமுறை வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. மூன்றாம் நாளே மகளிடம் ஃபோனைக் கொடுத்து எனக்கு எடுக்கச் சொன்னார்; முன்பு பல மாதம் மறைத்தவர். கொப்பியில் என் உதவி இல்லாமல் தானே பதில் எழுதியிருந்தார். மழை நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் பெய்கிறது என்ற மத்தேயு 5:45-உம், அதன் கீழே, 'வெள்ளம் போதகர் வீட்டுக்குள்ளயும் போனது' என்பதும்.

எண்ணம் வருவதே நின்றுபோவதை நாங்கள் குறியாக வைக்கவில்லை. வந்தால் அதை அடையாளம் காண வேண்டும், ஆளோடு கதைக்க வேண்டும், பதில் எழுத வேண்டும், சாப்பாட்டையும் மாத்திரையையும் விடக்கூடாது. இவற்றை அவர் செய்கிறார்.

இப்போது

வைத்தியர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார், கிளினிக்குக்குப் போவது தொடர்கிறது. மாதக் கட்டாக மாறிய கடன் முடிந்துவிட்டது. மறுத்த நிறுவனத்தின் கடன் இன்னும் மிச்சம். தோடு மீட்டாயிற்று, சங்கிலி அடகில்தான். முதல் வீட்டுக்காரி இன்னும் அவரோடு கதைப்பதில்லை. சாபம் என்று சொன்ன சகோதரியிடம் போதகர் தனியாகக் கதைத்தார். அவர் வருந்தி மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தக் குழுவுக்குத் திரும்பிப் போக இந்தத் தாய்க்கு மனமில்லை, நாங்களும் போகச் சொல்லவில்லை.

வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் வழக்கத்தைச் சபை நிறுத்தவில்லை. அதை எதிர்பார்த்து வருகிற வயதானவர்கள் பலர். இப்போது அட்டையில் ஒரு வரியோடு முழுப் பகுதியின் எண்ணும் அச்சிடப்படுகிறது. ஜனவரி முதல் ஞாயிறன்று அந்தப் பகுதிகளை வகுப்பில் உட்கார்ந்து வாசிக்கிறோம். வீட்டுச் சந்திப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சியில் மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் எவ்வளவு கடன். வசனம் சொல்வதற்கு முன்னால் இவற்றைக் கேட்க வேண்டும்.